சாட்சி நேரம்

நிம்மிக்குக் கடைசியாக இன்சுலின் ஊசி போட்டது வியாழக்கிழமை ராத்திரி. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஒன்பது வயதுப் பிள்ளை, ஆறு வயதிலிருந்து சர்க்கரை. அதன் உடம்பில் சொந்தமாக ஒரு சொட்டு இன்சுலின்கூட ஊறாது. ஊசியை நிறுத்தினால் என்ன ஆகும் என்று செலினுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவள் நர்ஸ். முதலில் தாகம், அடுத்து வாந்தி, அதற்கடுத்து மூச்சு வாங்கும். அதற்கப்புறம் பேச ஒன்றும் இருக்காது.

காலையில் நிம்மியைப் பெற்றவள், செலினின் தங்கை ஜோவிதா வாட்ஸப்பில் பேசி அனுப்பியிருந்தாள். "அக்கா, ஸ்தோத்திரம். நிம்மிக்கு இனிமே ஊசி வேண்டாம்னு அப்பா சொல்லிட்டாரு. வியாழக்கிழமை ராத்திரி போட்டதே கடைசி, பாட்டில் எல்லாம் ஒடச்சுப் போட்டாச்சு. உபவாச ஜெபத்துல இருக்கோம். பிசாசு போறப்ப கொஞ்சம் அலைக்கழிக்கும், அஷ்டே, அவ்ளோதான். நீ பயப்படாத." குரலில் அப்படியொரு சந்தோஷம். செலின் திருப்பிக் கூப்பிட்டபோது போன் அணைந்திருந்தது.

அப்பா என்றால் பெற்ற அப்பா இல்லை. அந்த மனிதர் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகின்றன. இந்த அப்பாவின் பெயர் ஆலன். வயது நாற்பதுகூட முடியவில்லை. மைசூருக்கு வெளியே பன்னூர் ரோட்டில் பாதி விற்று நின்றுபோன லேஅவுட் ஒன்றில் தகர ஷீட் போட்ட ஹாலும், சுற்றி ஆள் உயர மதிலும் கட்டிக்கொண்டு முப்பது குடும்பங்களுக்குத் தகப்பனாகிவிட்டான். தன்னைவிடப் பெரிய கிழவர்களும் தன்னை அப்பா என்று கூப்பிடுவதில் அவனுக்குக் கூச்சமே இல்லை.

"உங்க சபையில மொளச்சவன்தானே அவன்?" என்றாள் செலின். குட்டி யானை வண்டி ரிங் ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஓட்டிக்கொண்டிருந்தது தேவநேசன். "உங்க கூட்டத்துக்கு டிரம் அடிச்சவன்தானே? மருந்து பாவம்னு அவனுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

தேவநேசன் அவள் புருஷன். ஹனூர்ப் பக்கத்துக்காரர், என்.ஆர். மொஹல்லாவில் தண்ணீர் கேன் போடுகிறவர். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட் தவிர வேறு எதையும் போடாத ஒரு பழைய சபையில் பிறந்து வளர்ந்தவர். அந்தச் சபையில் நகை கூடாது, சினிமா கூடாது, மருந்து மாத்திரை கூடவே கூடாது. பல் வீங்கிக் கன்னம் பலூனாக இருந்தபோதும் ஜெபம் பண்ணிக்கொண்டே கேன் தூக்கிய மனிதர் நர்ஸைக் கல்யாணம் பண்ணிக்கொண்டார் என்று மொஹல்லா முழுக்கச் சிரித்தது. செலின் காதில் கம்மல் ஆட வேறொரு சர்ச்சுக்குப் போவாள், அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள்தான் சொல்லித் தீர்ப்பாள். அவருக்குக் காய்ச்சல் வரும்போதெல்லாம் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்து, உங்க கூட்டம் ஒரு பைத்தியக்காரக் கூட்டம் என்று திட்டுவாள்.

அப்படித் திட்டித் திட்டித்தான் அவள் ஏமாந்தாள். ஜோவிதாவின் கணவன் லாரியில் அடிபட்டுச் செத்த வருடம் அவள் ஆலனிடம் போக ஆரம்பித்தபோது, இன்னொரு வெள்ளைச் சட்டைக் கூட்டம், அவ்வளவுதானே என்று செலின் விட்டுவிட்டாள். எல்லாப் பைத்தியமும் ஒன்று என்று நினைக்கிறவர்களுக்கு எது கடிக்கிற பைத்தியம் என்று தெரியாமல் போய்விடுகிறது. சபை உடைவதும் இங்கே செய்தி இல்லை. தேவநேசனின் சபையே இன்னொன்றிலிருந்து உடைந்து வந்ததுதான். உபவாச ஜெபம் என்றால் எல்லார் வீட்டிலும் உண்டு. நிம்மியைக் கூட்டிக்கொண்டு மூன்று நாள் ஜெபத்துக்குப் போகிறேன் என்று ஜோவிதா சொன்னபோது, பிஸ்கட்டும் ஊசிப் பையும் கட்டிக்கொடுத்து அனுப்பியது செலின்தான்.

போலீஸில் புகார் கொடுத்தாயிற்று. ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். அவர்கள் வரும்வரை நிம்மியின் உடம்பு காத்திருக்காது.

"போலீஸ் வர்றப்ப வரட்டும்" என்றார் தேவநேசன். "நான் சொல்றதக் கேளு. ஆராதனையில சாட்சி நேரம் வரும். நான் எந்திரிச்சு, கர்த்தர் எனக்குச் செஞ்சதச் சாட்சியாச் சொல்றேன். எல்லாரும் கண்ண மூடிக் கையத் தூக்கீட்டு இருப்பாங்க. நீ அப்படியே பின்னால போயி புள்ளையத் தூக்கிரு."

"பாதியில நிறுத்திட்டா?"

"நிறுத்த மாட்டாங்க. சாட்சி சொல்றவன எந்தச் சபையிலயும் நிறுத்த மாட்டாங்க செலின். எங்க சபையில ஒருக்கா ஒரு குடிகாரன் எந்திரிச்சு, மாமியாளத் திட்டியே ஒரு மணி நேரம் ஓட்டுனான். மூப்பரு வாயத் தொறக்கல. கர்த்தருக்குக் குடுத்த நேரம் அது."

செலினுக்கு வேறு வழி தெரியவில்லை. சரி என்றாள்.

கேட்டில் ஆலனின் ஆள் பசவராஜ் நின்றிருந்தான். கதவளவு அகலமான ஆள். உள்ளே பேசிவிட்டு வந்து சிரித்தான். பழைய சபையின் வெள்ளைச் சட்டை ஒன்று தானாக வருகிறது என்றால் ஆலனுக்குக் கசக்குமா? இரண்டு பேர் போனையும் ஒரு பிளாஸ்டிக் வாளியில் வாங்கிப் போட்டுக்கொண்டான். வண்டியைச் சமையல் கொட்டகைக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னான். பிறகு கேட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டினான்.

"ஆராதனைக்கு எதுக்குப்பா பூட்டு?" என்றார் தேவநேசன்.

"அப்பா ஹேளிதாரெ" என்றான் பசவராஜ். அப்பா சொல்லியிருக்கிறாராம்.

ஹாலில் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாகப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் சோபா போட்டு ஆலன் சாய்ந்திருந்தான். அவன் தலைக்கு மேலே அவனுடைய படமே பெரிதாக மாட்டியிருந்தது. தேவநேசனின் சபையில் கர்த்தருடைய படத்தைக்கூட மாட்ட மாட்டார்கள். அவர் அந்தப் படத்தைப் பார்த்தார், ஆலனைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். அவர் முகம் விழுந்துவிட்டதைப் பெண்கள் பக்கத்திலிருந்தே செலின் கண்டாள். ஜோவிதாவையும் நிம்மியையும் ஹாலில் காணவில்லை.

பாட்டு முடிந்ததும் தேவநேசன் எழுந்தார். "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!" என்றார்.

எந்தச் சபையாக இருந்தாலும் அந்த வார்த்தைக்குப் பதில் வரும். பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிடும். இங்கே ஒரு வாயும் திறக்கவில்லை. கண்ணை மூடியிருப்பார்கள் என்று அவர் போட்ட கணக்கும் தப்பு. ஆலனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஜெபிக்கிற கூட்டம் இது. அத்தனை பேரும் அவன் என்ன செய்யப்போகிறான் என்று அவனையே பார்த்தார்கள்.

"தேவநேசா, உன்ன யாரு பேசச் சொன்னது?" என்றான் ஆலன்.

"சாட்சிக்கு யாருப்பா உத்தரவு குடுக்கோணும்?"

"இங்க கர்த்தரு என் வாய் வழியாத்தான் பேசுவாரு. உக்காரு."

தேவநேசன் உட்காரவில்லை. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "இந்த எடத்துல ஒரு புள்ளை செத்துட்டு இருக்குது. நிம்மின்னு பேரு. ஆலா, நானும் மருந்து தொடாதவன்தான். என் ஒடம்ப நான் கர்த்தருக்குக் குடுத்தேன், அது என்னுது, குடுத்தேன். அந்தப் புள்ளை ஒடம்பு உன்னுதா?"

ஆலன் விரலை அசைத்தான். பசவராஜ் கையில் இரும்புக் குழாய் இருந்ததை செலின் அப்போதுதான் பார்த்தாள். முதல் அடி தேவநேசனின் இடது முன்கையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் பெண்கள் பக்கம்வரை கேட்டது.

"பாடுங்க!" என்று கத்தினான் ஆலன்.

பாடினார்கள். டிரம்மும் கஞ்சிராவும் சேர்ந்துகொண்டன. செலினுக்குப் பக்கத்தில் இருந்த பெண் கண்ணீர் வழிய வழியக் கை தட்டினாள், ஆனால் தட்டுவதை நிறுத்தவில்லை. இன்னும் நாலு பேர் எழுந்து போய் தேவநேசனைச் சுற்றிக்கொண்டார்கள். உதை விழுந்தது. குழாய் தலையில் இறங்கியது. வெள்ளைச் சட்டையின் தோள் சிவந்தது. அவர் கையை ஓங்கவே இல்லை. விழுந்து எழுந்து, "அந்தப் புள்ளை, அந்தப் புள்ளை" என்று சாட்சியைத் தொடர்ந்துகொண்டே இருந்தார்.

செலின் அவரிடம் ஓடத்தான் எழுந்தாள். அடிக்கிறவர்களின் கால்களுக்கு இடையிலிருந்து அவர் அவளைப் பார்த்தார். போ என்று வாயை மட்டும் அசைத்தார். எல்லார் கண்ணும் அந்த அடியின் மேல் இருந்தது. அவள் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே ஓடினாள். புருஷனைச் சாகக் கொடுத்துவிட்டு ஓடுகிறோம் என்று நினைத்துக்கொண்டேதான் ஓடினாள்.

சமையல் கொட்டகைக்குப் பின்னால் ஓர் அறை. வாசலில் ஜோவிதா, கையில் உலக்கைத் தடிமனில் ஒரு கட்டை. உபவாசத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அக்காவைக் கண்டதும் அவள் முகம் ஒரு நொடி சின்ன வயசு முகமானது. அடுத்த நொடி மாறிவிட்டது.

"வராத அக்கா. அவளுக்கு சுகமாயிட்டிருக்கு."

"நகரு ஜோ."

"பிசாசு போயிட்டு இருக்குது, நீ வந்து கெடுக்காத. அப்பா சொன்னாரு, நீ வருவேன்னு!"

கட்டை செலினின் தோளில் இறங்கியது. இரண்டாவது அடி காதோடு விழுந்தது, கம்மல் பிய்ந்து ரத்தம் கழுத்தில் ஓடியது. செலின் தங்கையின் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினாள். ஜோவிதா அவள் கையைக் கடித்தாள். இருவரும் கட்டிப்புரண்டு உள்ளே விழுந்தார்கள். செலின் எழுந்து அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். ஜோவிதா விரல்களை இடுக்கில் நுழைத்துத் தள்ளினாள். அந்த விரல்களை செலின் பார்த்தாள். சின்ன வயதில் ரோடு தாண்டும்போதெல்லாம் அவள் பிடித்துக்கொண்ட விரல்கள். பார்த்துவிட்டு முழு பலத்தோடு கதவை அறைந்து மூடினாள். வெளியே எழுந்த அலறல் மனுஷக் குரல் மாதிரியே இல்லை.

நிம்மி சிமெண்ட் தரையில் கிடந்தாள். அறை முழுக்க வாந்தி நாற்றம், அதற்கு மேலே அழுகின பழ வாசனை. அந்த வாசனை பிள்ளையின் மூச்சிலிருந்து வந்தது. மூச்சை ஆழமாக, வேகமாக இழுத்துக்கொண்டிருந்தாள். கண் குழிந்து உதடு வெடித்திருந்தது. தூக்கும்போது கவுன் விலகியது. முதுகில் பிரம்படித் தடிப்புகள், நேற்றையதின்மேல் இன்றையது. மணிக்கட்டுகளில் யாரோ பெரிய கைகளால் இறுக்கிப் பிடித்த நீலம். பிசாசு ஓட்டினார்களாம்! செலின் வாய்விட்டுக் கெட்ட வார்த்தை சொன்னாள். வாழ்க்கையில் அவள் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

பின் ஜன்னல் வழியாகப் பிள்ளையை இறக்கி, வண்டியின் சீட்டில் கிடத்தினாள். ஹாலில் பாட்டு இன்னும் உச்சத்துக்குப் போயிருந்தது. இன்னும் அடிக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம். அப்படியானால் அவருக்கு இன்னும் உயிர் இருக்கிறது. கொட்டகையில் ஆராதனை முடிந்து உபவாசம் விடும் விருந்துக்கு அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. எவர்சில்வர் வாளியை முக்கி எடுத்தாள்.

மேடைக்குப் பின்கதவு வழியாகப் போனாள். ஆலன் சோபாவின் விளிம்பில் உட்கார்ந்து, முழங்கையை முழங்காலில் ஊன்றி, அடிப்பதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். வாளி முழுவதையும் அவன் தலையில் கவிழ்த்தாள்.

பாட்டு அறுந்தது. ஆலன் எழுந்து, சுழன்று, மேடையிலிருந்து குப்புற விழுந்து உருண்டான். முகத்தைப் பிடித்த கையோடு தோல் உரிந்து வந்தது. "அம்மா, அம்மா" என்றுதான் கத்தினான். அடித்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் தேவநேசனைப் போட்டுவிட்டு அவனிடம் ஓடினார்கள். செலின் புருஷனைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினாள். எப்படி வண்டிவரை வந்தார்கள் என்று பிற்பாடு கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

ஒரு கையால் ஸ்டியரிங் பிடித்தார் தேவநேசன். கண்ணில் ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. "கியரு நீ போடு. முன்னால தள்ளு." நிம்மியை மடியில் அணைத்துக்கொண்டு அவள் தள்ளினாள். கேட்டில் மோதினார்கள். சங்கிலி தாங்கியது. "பின்னால இழு." பசவராஜ் குழாயோடு ஓடி வந்து கண்ணாடியை நொறுக்கினான். துண்டுகள் மூவர் மேலும் கொட்டின. "இப்பத் தள்ளு!" இரண்டாவது மோதலில் கேட் கீலோடு பிய்ந்து ரோட்டில் விழுந்தது. பக்கவாட்டுக் கண்ணாடியில் ஜோவிதா தெரிந்தாள். நசுங்கிய கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஓடி வந்தாள். அக்கா என்று கூப்பிடவில்லை. சபித்துக்கொண்டு வந்தாள்.

செலின் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே இறக்கினார்கள். டியூட்டி டாக்டர் மனிஷா ஒரு பார்வையிலேயே புரிந்துகொண்டாள். தோலில் குத்தும் ஊசி இனிப் பத்தாது, நரம்பில் டிரிப் ஏற்ற வேண்டும், அதுவும் உடனே. உடம்பில் நீர் வற்றி நரம்பெல்லாம் நூலாகிக் கிடந்தது. முதல் ஊசியைக் கண்டதும் நிம்மிக்கு எங்கிருந்து பலம் வந்ததோ, உதறினாள். ஊசி பிய்ந்து ரத்தம் பீறிட்டது. இரண்டாவதும் அப்படியே போனது.

"இன்னும் ஒரு நரம்புதான் தெரியுது, மணிக்கட்டுல" என்றாள் மனிஷா. "இதுவும் போச்சுன்னா கழுத்துலதான் போடணும். பிடிங்க."

நாலு பேர் பிடித்தார்கள். கைக்கு இருவர், காலுக்கு இருவர். பிள்ளையின் கண் மேலே சொருகியது. "ஹொடீபேடி, ஹொடீபேடி" என்று கன்னடத்தில் அலறியது. அடிக்காதீங்க, அடிக்காதீங்க. ஒவ்வொரு அலறலுக்கும் முதுகு வில்லாக வளைந்து, இல்லாத பிரம்புக்குத் தன்னை ஒடுக்கிக்கொண்டது. அந்த அறையிலும் இப்படித்தான் பிடித்திருப்பார்கள் என்று செலினுக்கு உறைத்தது.

"விடுங்க" என்றாள். "எல்லாரும் கையை எடுங்க."

"செலின், டைம் இல்ல!"

"தெரியும் டாக்டர். விடச் சொல்லுங்க."

விட்டார்கள். நிம்மி கட்டிலின் மூலைக்குச் சுருண்டு போய் மூச்சை இழுத்தாள். செலின் ஊசியோடு கட்டிலோரம் நின்றாள்.

பக்கத்து ஸ்டூலில் தேவநேசன் உட்கார்ந்திருந்தார். துண்டைத் தலையில் அழுத்திப் பிடித்திருந்தார், துண்டு ஊறிச் சொட்டியது. தையல் போட வந்த பையனை இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தார். ஊசி வேண்டாம், கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று. இப்போது துண்டைக் கீழே போட்டுவிட்டு எழுந்து, கட்டிலோரம் வந்து நின்றார். சட்டையின் வலது கையைப் பல்லால் கடித்து மேலே இழுத்துவிட்டார்.

"மொதல்ல எனக்குப் போடு" என்றார்.

செலினுக்கு நிஜமாகவே புரியவில்லை. "என்னங்க?"

"எனக்குப் போடு. புள்ளை பாக்கட்டும்."

அவருக்கு அது என்ன என்று அவளுக்குத் தெரியும். விளையாட்டில்லை. பிறந்ததிலிருந்து மருந்து தொடாமல் காத்த உடம்பு. இதைச் சபையில் மறைக்க அவரால் முடியாது, அவரே போய்ச் சொல்லிவிடுவார். திருவிருந்தில் அப்பமும் திராட்சை ரசமும் அவருக்கு இல்லை என்பார்கள், எத்தனை மாதமோ. கூட வளர்ந்தவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். யாரும் அடிக்க மாட்டார்கள், கேட்டைப் பூட்ட மாட்டார்கள். ஆனால் அவருக்கு வலிக்கும். இத்தனை வருடம் மாத்திரையோடு அவர் பின்னால் நடந்தவளுக்கு இப்போது அந்தக் கையைத் தொட மனம் வரவில்லை. வேண்டாங்க என்று சொல்ல வாயெடுத்தாள்.

நிம்மி தலையைத் தூக்கினாள். "பெரியப்பா, ஊசி போட்டா நரகத்துக்குப் போயிடுவீங்க."

பொய் பேசத் தெரியாத மனிதர். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்று அவரால் சொல்ல முடியாது, அவருக்கே நிச்சயம் இல்லை.

"போனாப் போறோம் கண்ணு" என்றார். "நீ தனியாப் போவ வேண்டாம். பெரியப்பா கூட வர்றேன்."

செலின் குத்தினாள். ஒரே குத்தில் நரம்பு கிடைத்தது. குழாயில் ரத்தம் ஏறுவதை நிம்மி கண் கொட்டாமல் பார்த்தாள். இரும்புக் குழாய்க்கு அழாதவர் இப்போது அழுதுகொண்டிருந்தார், முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட இல்லை.

"வலிக்குதா பெரியப்பா?"

"வலிக்குது."

நிம்மி அவரையே பார்த்தாள். பிறகு மூலையிலிருந்து நகர்ந்து வந்து மணிக்கட்டை செலினிடம் நீட்டினாள். யாரும் அவளைப் பிடித்திருக்கவில்லை.